சேலம் தாளைப் படிப்பது: கனிமத்துக்கு முன்னால் பாறை

சேலம் நகரம், ஓமலூர், மாமாங்கம், கஞ்சமலை நான்கும் சர்வே ஆஃப் இந்தியாவின் ஒரே டோப்போஷீட்டில், அதாவது ஒரே நில வரைபடத் தாளில், அடங்கிவிடும். தாளின் எண் 58 ஐ/2. மேற்கே 78 டிகிரி தீர்க்கரேகை, கிழக்கே 78 டிகிரி 15 நிமிடம். தெற்கே 11 டிகிரி 30 நிமிடம், வடக்கே 11 டிகிரி 45 நிமிடம். பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர், மொத்தம் 750 சதுர கிலோமீட்டர் சுமார். மேக்னசைட் என்ற வெள்ளைக்கல், அதைச் சுமக்கும் டியூனைட் பாறை, கொஞ்சம் குரோமைட் (குரோமியத் தாது), ஒரு முழு மலை நிறைய இரும்புத்தாது, ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் போகிற சார்னோக்கைட் பாறை எல்லாம் இந்தச் சின்னச் சதுரத்துக்குள் இருக்கின்றன.

"எங்க பக்கம் என்ன கனிமம் கிடைக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எங்க பக்கம் என்ன பாறை?" நம் பக்கத்தில் மேக்னசைட் டியூனைட்டை விட்டு வெளியே வராது. அலுமினியத் தாதுவான பாக்சைட் மழை கொட்டும் மலை உச்சியின் சமதளத்தை விட்டு இறங்காது. தாங்கும் பாறையைத் தெரிந்துகொண்டால் எதைத் தேடலாம், எதைத் தேடுவது வீண் என்பது பாதிக்கு மேல் முடிவாகிவிடும்.

எந்த இடத்தில் எந்தப் பாறை என்று காட்டும் வரைபடம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றுக்கு ஐம்பதாயிரம் அளவு. அந்த அளவில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்தாலும், அந்தக் கோடே தரையில் 25 மீட்டர் அகலம். ஆகவே "வரைபடத்தில் என் நிலம் டியூனைட்டில் வருகிறது" என்று யாராவது சொன்னால், நிலம் கோட்டுக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு மீட்டர் தடிமனுள்ள மேக்னசைட் நரம்பை (பாறை விரிசலில் ஓடும் படிவை) இந்த அளவில் உள்ளபடி வரையவே முடியாது. ஒரு குறியீடு போட்டு விட்டுவிடுவார்கள்.

பழைய அச்சுத் தாளை ஸ்கேன் செய்து போனில் போட்டுக்கொண்டு நடப்பவர்களுக்கு ஒரு பொறி உண்டு. பூமியின் வடிவத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் இரண்டு கணக்கு முறைகள் உண்டு. பழைய தாள்கள் எவரெஸ்ட் கணக்கில் வரையப்பட்டவை; போனின் ஜிபிஎஸ் டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கில் பேசும். மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நம் ஊரில் 100 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். ஓடையின் இந்தக் கரையில் நிற்கிற நீங்கள் அந்தக் கரையில் நிற்பதாகக் காட்டும். இன்னொன்று தாள் ஓரம். பக்கத்துத் தாளை வேறொருவர் வேறொரு வருடத்தில் வரைந்திருப்பார். இங்கே சார்னோக்கைட் என்று வந்து முடிகிற நிறம் அங்கே நைஸ் என்ற வேறு பாறையாகத் தொடங்கும். பாறை அங்கே மாறியிருக்காது, பெயர் வைத்த கண்தான் மாறியிருக்கும். ஓரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வேலை என்றால் இரண்டு தாளையும் ஒட்டி வைத்துப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

சமவெளிப் பகுதி பெரும்பாலும் நைஸ். கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை ஓடும் பாறை அது. மேலே மண் மூடியிருந்தாலும் பாறையைப் பார்க்க இடம் தேடி அலைய வேண்டாம். கிணறு இருக்கிறதே. சேலம் வட்டாரத்தில் கிணறுகள் ஆழமானவை. வெட்டிப் போட்ட கல் கிணற்றுமேட்டிலேயே கிடக்கும். எத்தனை அடியில் எந்தக் கல் வந்தது என்பதை வெட்டியவர்கள் மறக்கமாட்டார்கள். அதைக் கேட்டு எழுதிக்கொண்டால் துளைப்பதிவு (ஆழ்துளையில் எந்த ஆழத்தில் எந்தப் பாறை என்ற குறிப்பு) மாதிரி பயன்படும். ரயில் பாதைக்கும் சாலைக்கும் வெட்டிய இடங்கள் அடுத்தபடி.

சார்னோக்கைட் மலைகளில் தெரியும். புதிதாக உடைத்த முகம் கரும்பச்சை கலந்த நீலம், எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பு. அதிலுள்ள குவார்ட்ஸ்கூட நீலச்சாயல் காட்டும். வெளித்தோல் பழுப்பு. வெயிலில் கிடந்த தோலை மட்டும் பார்த்தால் நைஸ் என்று ஏமாறுவோம், அதனால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடந்த கல்லைப் பார்த்து 1893-ல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் இது. அந்தக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். சேலத்துச் சார்னோக்கைட் உருமாறி 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கிரஷரில் அரைபடும் ஜல்லியின் வயது அது.

இனி வெள்ளைக்கல். சேலத்தில் மேக்னசைட்டுக்கு அதுதான் பெயர். வெள்ளக்கல்பட்டி என்று ஊரே இருக்கிறது. மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையமும் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் இந்தக் குன்றுகளை சாக் ஹில்ஸ், அதாவது சுண்ணக்குன்றுகள், என்று எழுதி வைத்தார்கள். 1864-ல் புவியியலாளர்கள் கிங்கும் புரூஸ் ஃபூட்டும் திருச்சி, சேலம் பகுதிகளின் பாறையமைப்பைப் பற்றி எழுதினார்கள். 1896-ல் இன்னொரு புவியியலாளர் மிடில்மிஸ் இந்தக் குன்றுகளைத் தனியாக எடுத்து எழுதினார். பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ஃபூட்தான் இந்த ஃபூட்.

தாய்ப்பாறை டியூனைட். ஏறக்குறைய முழுக்க ஆலிவின் என்ற கனிமத்தால் ஆனது, மெக்னீசியம் மிகுந்தது. கரியமில வாயு கரைந்த நீர் விரிசல் வழியே உள்ளே போய் ஆலிவினைத் தின்றால் இரண்டு பொருள் மிஞ்சும்: மெக்னீசியம் கார்பனேட், சிலிக்கா. முதலாவது மேக்னசைட்டாக நரம்பு நரம்பாகப் படிகிறது. இரண்டாவது தொலைவில் போய்விடாமல் அதே நரம்பிலோ ஓரத்திலோ கால்செடனி என்ற கெட்டியான சிலிக்காக் கல்லாக உறைந்துவிடுகிறது. மேக்னசைட் தரத்தைக் கெடுக்கும் சிலிக்கா வெளியிலிருந்து வந்த அழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். கனிமம் பிறந்த அதே வினையில் கூடப் பிறந்ததுதான் அது. அதனால் எந்த நரம்பிலும் அது இல்லாமல் இருக்காது. எவ்வளவு, எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

கையில் எடுத்தால் சுத்தமான கல் பால்வெள்ளை. உடைந்த முகம் பீங்கான் உடைந்ததுபோல் வளைவாக, வழவழப்பாக இருக்கும். படிகம் கண்ணுக்குத் தெரியாது. சில துண்டுகளின் மேற்பரப்பு காலிஃபிளவர் பூப்போலப் பொதபொதவென்று முடிச்சிட்டிருக்கும். பேனாக்கத்தியால் கீறினால் கோடு விழ வேண்டும். ஒரு இடத்தில் விழுந்து அரை அங்குலம் தள்ளிக் கத்தி வழுக்கினால், வழுக்கிய இடம் சிலிக்கா. குழியில் கல் பொறுக்கும் பெண்கள் சின்னச் சுத்தியால் தட்டிப் பிரிப்பது அந்த இடத்தைத்தான்.

தோட்டத்தில் கிடக்கும் வெள்ளைக் கல்லை எடுத்துக்கொண்டு மேக்னசைட் என்று வருபவர்கள் நிறைய. பத்தில் பெரும்பாலானவை சுக்கான்கல், அதாவது மண்ணில் உறைந்த சுண்ணாம்புக் கல். இதற்கு ஒரு சொட்டு அமிலம் போதும். மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது, தெறிக்கும். கிடைப்பது சுமார் 10 சதவீத அமிலம். பிளாஸ்டிக் சொட்டுக்குப்பியில் வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த அமிலம் பட்டதும் சடசடவென்று நுரைத்தால் கால்சைட் (கால்சியம் கார்பனேட்), அல்லது அது கலந்த சுக்கான். கல்லில் நுரைக்காமல், கத்தியால் சுரண்டிய பொடியில் மட்டும் மெல்ல நுரைத்தால் டோலமைட் (கால்சியமும் மெக்னீசியமும் கலந்த கார்பனேட்). பொடியிலும் குளிரில் ஒன்றும் நடக்காமல், சோதனைக்குழாயில் போட்டு வெந்நீரில் வைத்ததும் குமிழி வந்தால் மேக்னசைட். எதிலும் அசையாமல், கத்திக்கும் கீறல் விழாமல் இருந்தால் குவார்ட்ஸ். இதில் நடக்கும் தவறு ஒன்றே: மேக்னசைட்டின் விரிசலில் மெல்லிசாகச் சுக்கான் பூசியிருக்கும், அது நுரைக்கும், நல்ல கல்லைத் தூக்கிப் போட்டுவிடுவோம். புதிதாக உடைத்த முகத்தில்தான் சொட்டு விட வேண்டும்.

கல் உலைக்குப் போனால் என்ன ஆகிறது என்பது எளிய கணக்கு. சுத்த மேக்னசைட் 1,000 கிலோவைச் சுட்டால் 522 கிலோ கரியமில வாயுவாகப் போகும். 478 கிலோ மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) மிஞ்சும். இதையே தரம் பார்க்கவும் பயன்படுத்தலாம். காயவைத்த பொடியை 1,000 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை சுட்டு, எடையிழப்பைப் பாருங்கள். 46 சதவீதம் இழந்தால், 46-ஐ 52.2-ஆல் வகுத்து, சுமார் 88 சதவீதம் மேக்னசைட் என்று ஒரு மதிப்பு சொல்லலாம். கூட செர்பென்டைன் (ஆலிவின் நீரோடு சேர்ந்து மாறிய கனிமம்) இருந்தால் அதன் நீரும் சேர்ந்து போகும், கால்சைட் இருந்தால் அதன் வாயுவும் போகும். அப்போது கணக்கு உண்மையைவிட நல்ல தரமாகக் காட்டும். இதை வைத்து விலை பேசிவிடக் கூடாது, லேப் முடிவு வேண்டும்.

700 முதல் 1,000 டிகிரியில் சுட்டால் வினைபுரியும் இளஞ்சூட்டு மெக்னீசியா. 1,600 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்டுக் கெட்டியாக்கினால் உலைச்செங்கலுக்குப் போகும் மெக்னீசியா. மெக்னீசியா மட்டும் தனியாக இருந்தால் 2,800 டிகிரிக்கு மேல்தான் உருகும். அப்புறம் ஏன் சில செங்கல்கள் உருக்காலையில் சீக்கிரம் கரைகின்றன? சிலிக்காவும் சுண்ணாம்பும் தவறான விகிதத்தில் சேர்ந்துவிடுவதால். சுண்ணாம்பு சிலிக்காவைப்போல் எடையில் இரண்டு மடங்கு அளவில் இருந்தால் அவை சேர்ந்து தாங்குதிறனுள்ள சேர்மமாகின்றன. அதற்குக் குறைந்து இடையில் மாட்டிக்கொண்டால், துகள்களுக்கு நடுவே 1,500 டிகிரி சுமாரிலேயே இளகும் சேர்மங்கள் உருவாகும். செங்கல்லின் துகள் அப்படியே இருக்கும், பிடித்து வைத்திருக்கும் பசை இளகிவிடும். குழியில் சுத்தியல் வைத்துப் பொறுக்குவதற்கும் உலையின் ஆயுளுக்கும் இவ்வளவு நேரான தொடர்பு இருக்கிறது.

இதே டியூனைட் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை மாக்கல். மெக்னீசியம் மிகுந்த பாறை நீராலும் சிலிக்காவாலும் மாறி டால்க் ஆனால் மாக்கல், நகத்தால் கீறலாம். சேலத்துக் கல்சட்டி அதில் கடைவதுதான். குரோமைட் இந்தக் குன்றுகளில் சிறு சிறு பொட்டலமாக உண்டு, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

தாளின் மேற்குப் பாதியில் கஞ்சமலை. சித்தர்கோயில் இருப்பதால் எல்லோருக்கும் தெரிந்த மலை. பட்டை பட்டையாக மாக்னடைட்டும் குவார்ட்ஸும் மாறிமாறி வரும் இரும்புக்கல் இங்கே மலையைச் சுற்றி ஓடுகிறது. கிழக்கு மேற்காக நீண்ட, தொன்னைபோல் கீழ்நோக்கி வளைந்த மடிப்பு; மடிப்பின் விளிம்புகள்தான் மேலே பட்டைகளாகத் தெரிகின்றன. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கறுப்பு, இரண்டு மில்லிமீட்டர் வெளுப்பு, மறுபடி கறுப்பு என்று சேலைக்கரைபோல் வரும். கறுப்பில் காந்தம் ஒட்டும். பளபளக்காத பீங்கானில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழுந்தால் மாக்னடைட்; செம்பழுப்பு விழுந்தால் அது காற்றும் மழையும் பட்டு ஹெமடைட்டாக மாறியிருக்கிறது.

இரும்பு எவ்வளவு என்று வீட்டிலேயே தோராயம் பார்க்கலாம். கொக்கி உள்ள தராசு, ஒரு வாளி தண்ணீர், நூல். கல்லைக் காற்றில் நிறுங்கள், 700 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நூலில் கட்டி முழுக்கத் தண்ணீரில் மூழ்கி, வாளியைத் தொடாமல் தொங்கவிட்டு நிறுங்கள், 500 கிராம். வித்தியாசம் 200. எழுநூறை இருநூறால் வகுத்தால் அடர்த்தி 3.5. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, மாக்னடைட்டின் அடர்த்தி 5.2. 3.5-லிருந்து 2.65 கழித்து 2.55-ஆல் வகுத்தால் கனஅளவில் மூன்றில் ஒரு பங்கு மாக்னடைட். அதை 5.2-ஆல் பெருக்கி 3.5-ஆல் வகுத்தால் எடையில் ஏறக்குறையப் பாதி. சுத்த மாக்னடைட்டில் இரும்பு 72.4 சதவீதம், ஆகவே கல்லில் 36 சதவீதம் சுமார். கஞ்சமலைத் தாது இந்த வரிசையில்தான் நிற்கிறது. கல்லில் ஆம்ஃபிபோல், பைராக்சீன் போன்ற கனமான சிலிக்கேட்டுகள் இருந்தால் இந்தக் கணக்கு இரும்பைக் கூட்டிக் காட்டும். பொத்தலான கல்லில் நீர் முழுதாக ஏறாமல் காற்று தங்கினால் குறைத்துக் காட்டும். அதற்கு ஒரு இரவு ஊறவைத்து, மேலே துடைத்து நிறுப்பது நல்லது.

36 சதவீதம் என்றால் அப்படியே உலையில் போட முடியாது. நன்றாக அரைத்துக் காந்தத்தால் பிரித்துச் செறிவாக்க வேண்டும். 1830-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலை சேலத்துத் தாதுவைக் கரியை வைத்து உருக்கியது. அந்த நூற்றாண்டுக்குள்ளேயே அது ஓய்ந்தது. பிறகு கஞ்சமலையின் அடியிலேயே உருக்காலை வந்தது. ஆனால் அது ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டும் ஆலை, மலையின் தாது அதற்குள் போவதில்லை. மலையடியில் ஆலை இருப்பதைப் பார்த்து மலையை வெட்டித்தான் ஆலை ஓடுகிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கஞ்சமலையில் திசைகாட்டியை நம்பி பாறையின் போக்கை (பட்டை ஓடும் திசையை) எழுதினால் மடிப்பே தலைகீழாகிவிடும். காந்தக் கல்லின் மேல் வைத்த முள் பல டிகிரி திரும்பும். இரண்டடி தள்ளி வைத்தால் வேறொரு வடக்கைக் காட்டும். இதற்குச் செய்ய வேண்டியது: ஒவ்வொரு இடத்திலும் நின்று, தூரத்தில் தெரியும், வரைபடத்திலும் உள்ள ஒரு புள்ளியை (கோபுரம், மலையுச்சி) இடுப்புயரத்தில் பிடித்துத் திசை பாருங்கள். அதே திசையை வரைபடத்தில் கோணமானி வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்தின் திரிபு. அந்த இடத்துக்கு மட்டும் அதைக் கழிக்க வேண்டும், அடுத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. இதுவும் சந்தேகமாக இருந்தால் முள்ளை விட்டுவிட்டு ஜிபிஎஸ் எடுங்கள். ஒரே பட்டைமேல், ஒரே உயரத்தில் இரண்டு இடங்களில் புள்ளி எடுத்து இணைத்தால் போக்கு கிடைக்கும். ஜிபிஎஸ் 5 மீட்டர் பிசகினால், 50 மீட்டர் இடைவெளியில் கிட்டத்தட்ட 6 டிகிரி தவறும். 200 மீட்டர் நடந்தால் ஒன்றரை டிகிரிக்குள் வந்துவிடும். பாறை சரியும் கோணத்தைக் காட்டும் சரிவுமானி ஈர்ப்பில் வேலை செய்வதால் அதற்குக் காந்தத் தொல்லை இல்லை. காப்புக்காடு வரும் இடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறவோ கல் எடுக்கவோ கூடாது.

வடக்கே அடுத்த தாள் 58 ஐ/1 ஏற்காட்டை எடுத்துக்கொள்கிறது. அங்கே அதே சார்னோக்கைட், உயரத்தில், தட்டையான உச்சியில், பல காலம் மழையில் கரைந்து சிலிக்காவை இழந்து பாக்சைட் ஆகியிருக்கிறது. சரிவில் தண்ணீர் நிற்காமல் மண் அரித்துப்போவதால் பாக்சைட் உருவாக நேரமில்லை. அதனால்தான் உச்சிகளில் மட்டும் தொப்பிபோல் இருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் தாது போயிற்று. தென்மேற்கே, அடுத்த டிகிரித் தாளில் சித்தம்பூண்டி. அங்கே உள்ள அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதனால் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிக் கல்லைப் பொடித்துத்தான் இஸ்ரோ நிலவுமண் மாதிரி செய்தது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

சட்டம் பாறையைப் பார்க்கிற விதம் வேறு. மேக்னசைட் பெருங்கனிமம். அதைச் சுமக்கும் டியூனைட்டை 2015 பிப்ரவரியில் மற்ற 30 கனிமங்களோடு சேர்த்துச் சிறுகனிமமாக அறிவித்தார்கள். ஒரே குழி, ஒரே சுத்தியல் அடி. நரம்பு மத்திய அரசின் பெருங்கனிம விதியில், நரம்பைச் சுற்றிய கல் மாநில அரசின் சிறுகனிம விதியில். குழியை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு லோடும் எந்தக் கனிமம் என்று தெளிவாகப் பிரித்து எடைபோட்டு எழுதப்படாவிட்டால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 2015-ல் சிறுகனிமமான குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா, பேரைட் நான்கும் 2025 பிப்ரவரியில் திரும்பப் பெருங்கனிமம் ஆகிவிட்டன. பழைய அறிவிப்பை வைத்துக்கொண்டு குத்தகை பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வரைபடத்தில் ஒரு கனிமக் குறி இருந்தால் அங்கே அந்தக் கனிமம் பார்க்கப்பட்டது என்று மட்டும் பொருள். எவ்வளவு இருக்கிறது, எடுத்தால் கட்டுமா என்பதற்கு ஜி-4 என்ற முதற்பார்வையில் தொடங்கி ஜி-3, ஜி-2, கடைசியாக ஜி-1 என்ற விரிவான ஆய்வு வரை படிப்படியாகப் போக வேண்டும். அந்தப் படிகள் அனைத்தையும் கெடுப்பது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் கைதான். கண்ணுக்கு வெள்ளையாக, அழகாகத் தெரியும் துண்டைப் பொறுக்கி அனுப்பினால் நரம்பின் சிறந்த துண்டின் தரம் வரும், நரம்பின் தரம் வராது. சரியான வழி, நரம்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை குறுக்கே, 5 சென்டிமீட்டர் அகலம், 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரே சீராக வாய்க்கால் வெட்டி, விழுந்த எல்லாவற்றையும், கறுப்பும் சிலிக்காவும் உட்பட, கீழே விரித்த தார்ப்பாயில் சேர்ப்பது. பிறகு பட்டாணியளவுக்கு உடைத்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு கால்களை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைத் தள்ளுவது. இரண்டு கிலோ அளவுக்கு வரும்வரை அதையே திரும்பச் செய்வது. பைக்குள் ஒரு சீட்டு, பைக்கு வெளியே ஒரு சீட்டு. இரண்டிலும் தாள் எண், ஜிபிஎஸ் புள்ளி, எந்தக் கணக்கு முறை (எவரெஸ்டா, டபிள்யூ.ஜி.எஸ். 84-ஆ), நரம்பின் தடிமன், வெட்டிய வாய்க்காலின் நீளம், தேதி. வெளியே ஒட்டிய சீட்டு மழையில் நனைந்து கிழிந்துபோகும். உள்ளே போட்டதைப் பாலிதீன் உறையில் வைத்துப் போடுங்கள்.